பகல் நேர வானம்: செட்டிநாட்டுப் பள்ளி நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளிச் செயலர்கள், நிர்வாகக் குழுப் பெரியவர்கள், பழைய மாணவர் சங்கத்து அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம்.

நான் காரைக்குடியில் டிஷ் ஆன்டெனா கடை வைத்திருப்பவன். உங்களில் பலருடைய வீட்டு மொட்டை மாடிக்கு ஏறி இறங்கியவன். கமிட்டிக்கு யோசனை சொல்ல இவன் யார் என்று தோன்றலாம். வானத்திலிருந்து வரும் ரேடியோ அலையைப் பிடித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இந்த மடலும் அதைப் பற்றியதே என்பதால் உரிமையோடு எழுதுகிறேன்.

விழா ஆண்டு என்று ஒன்று வந்துவிட்டால் பள்ளிக்கு நிலைத்து நிற்கிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். முன்பெல்லாம் கலையரங்கம், நுழைவாயில் வளைவு என்று போகும். இப்போது பேச்சு அறிவியல் பக்கம் திரும்பியிருக்கிறது. மொட்டை மாடியில் சுழலும் கூண்டு கட்டி, உள்ளே பெரிய தொலைநோக்கி ஒன்றை வைத்துப் பிள்ளைகளுக்கு வானம் காட்டலாம் என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பேசிக்கொள்கிறார்கள். எண்ணம் நல்ல எண்ணம். ஆனாலும் அந்தக் கூண்டை இப்போதைக்கு ஒத்திவையுங்கள் என்று கேட்கிறேன். அதற்கு ஆகும் செலவில் ஒரு துளியை எடுத்து, ஒரு சின்ன ரேடியோ தொலைநோக்கி செய்து கொடுங்கள்.

காரணம் நாலரை மணி பஸ். நம் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் பெரும் பகுதி சுற்றுக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். மணி அடித்தால் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். அதை விட்டால் அடுத்த பஸ் எப்போது என்று யாருக்குத் தெரியும்? கண்ணாடித் தொலைநோக்கிக்கு இருட்டு வேண்டும். இருட்டுகிற நேரத்தில் பள்ளியில் வாட்ச்மேன் மட்டும்தான் இருப்பார். அதிலும் பிளஸ் ஒன், பிளஸ் டூ பெண்பிள்ளைகளை இரவு எட்டு மணி வரை பள்ளியில் நிறுத்த எந்த வீட்டு ஆத்தா சம்மதிப்பார்? ஐப்பசி, கார்த்திகையில் மேகம். வானம் தெளிந்த நாளில் நிலா. இரண்டும் இல்லாத நாளில் தெருவுக்குத் தெரு எல்.இ.டி. விளக்கு. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் ஒருவர் அன்போடு வாங்கிக் கொடுத்த தொலைநோக்கி, திறப்பு விழா அன்று நிலாவைக் காட்டிவிட்டு பீரோவுக்குள் போனது. சாவி யாரிடம் இருக்கிறது என்பதே இப்போது கேள்வி. அங்கே யாரையும் குறை சொல்ல இடமில்லை. பகலில் இயங்கும் ஓர் இடத்துக்கு இரவில் இயங்கும் கருவியை வாங்கிக் கொடுத்தால் அப்படித்தான் ஆகும்.

ரேடியோ தொலைநோக்கிக்கு இந்தத் தொல்லை இல்லை. வானத்திலிருந்து வெளிச்சம் மட்டும் வருவதில்லை. சூரியன், வியாழன், பால்வீதி, வெடித்த விண்மீன்களின் மிச்சம், கோடிக்கணக்கான ஒளியாண்டு தள்ளியுள்ள விண்மீன் மண்டலங்கள் என எல்லாமே ரேடியோ அலையையும் விட்டுக்கொண்டிருக்கின்றன. நீல வானமாகத் தெரிவது சிதறிய சூரிய ஒளி. ரேடியோ அலைக்கு அந்தச் சிதறல் கிடையாது. ஆகவே நடுப்பகலிலும் பால்வீதி அதற்குத் தெரியும். சென்டிமீட்டர், மீட்டர் நீள அலைகளுக்கு மேகம் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. காலை பத்து மணிக்கு, வகுப்பு நேரத்தில், சீருடையோடு நின்று பார்க்கலாம்.

உண்மையில் உங்கள் எல்லோர் வீட்டிலும் ஒரு ரேடியோ தொலைநோக்கி ஏற்கெனவே இருக்கிறது. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள், பகலில் சில நிமிடம், டி.வி. படம் கட்டங்கட்டமாக உடையும், பிறகு தானே சரியாகும். கடைக்கு போன் வரும். "பணம் கட்டிட்டேனே தம்பி, ஏன் நிறுத்திட்டீங்க?" என்று ஆச்சிமார் கோபப்படுவார்கள். நிறுத்தியது சூரியன். நிலநடுக்கோட்டுக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் அந்த நாட்களில் சூரியன் கடந்து போகிறது. டிஷ்ஷுக்குள் சூரியனின் ரேடியோ இரைச்சல் கொட்டி, செயற்கைக்கோளின் சன்னமான சிக்னலை மூழ்கடித்துவிடுகிறது. நாம் ஏறத்தாழ 10 பாகை வடக்கே இருப்பதால், பகலும் இரவும் சமமாக இருக்கும் சம இரவு நாளுக்கு நாலைந்து நாள் முன்னே மார்ச்சிலும், அதே அளவு பின்னே செப்டம்பரிலும் இது நேரும். வடக்கே போகப்போக தேதி மாறும். ஆக, கோளாறு என்று நாம் நினைப்பது ஒரு சுத்தமான வானியல் அளவீடு.

பிள்ளைகளுக்கு இதை எந்த நாளிலும் செய்து காட்டலாம். கழற்றிப் போட்ட பழைய 60 செ.மீ. டிஷ், அதன் மூக்கில் தொங்கி அலையை வாங்கிப் பெருக்கும் எல்.என்.பி. பெட்டி, நாங்கள் சிக்னல் தேடப் பயன்படுத்தும் முள் மீட்டர், ஒரு பவர் சப்ளை. இவ்வளவுதான் சாமான். டிஷ்ஷைக் காலியான வானத்துக்குத் திருப்பி, முள் கீழே நிற்கும்படி மீட்டரைச் சரிசெய்துகொள்ள வேண்டும். பிறகு சூரியன் பக்கம் மெதுவாகத் திருப்பினால் முள் எகிறும். அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்தது. டிஷ்ஷை வகுப்பறைச் சுவருக்குத் திருப்புங்கள். அப்போதும் முள் ஏறும். எல்.என்.பி.க்கு நேரே ஒரு பையன் கையை நீட்டினாலும் ஏறும். சூடு உள்ள எந்தப் பொருளும் ரேடியோ அலையை விடும். நம் சுவரும் உடம்பும் ஏறத்தாழ 300 கெல்வின் சூட்டில் இருப்பவை, காலி வானமோ இந்த அலைவரிசையில் சில கெல்வின்தான். பாடப் புத்தகத்தில் வெப்பக் கதிர்வீச்சு என்று மனப்பாடம் செய்த விஷயம் முள்ளில் ஆடுவதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை நீங்கள் ஒரு தடவை பார்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: நம் ஊர் டி.டி.எச். டிஷ்களின் முகம் காட்டும் திசை வேறு, அது பார்க்கும் திசை வேறு. எல்.என்.பி. நிழல் விழாமல் இருப்பதற்காகச் சாய்வாக வெட்டிய கிண்ணம் அது. உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும் செயற்கைக்கோளைப் பார்க்கும்போதுகூடத் தெற்கே சாய்ந்து நிற்பது போலத்தான் தெரியும். எல்.என்.பி.யின் நிழல் கிண்ணத்தின் எந்த இடத்தில் விழுகிறது என்பதைப் பார்த்துக்கொண்டே திருப்பினால் சூரியன் சீக்கிரம் அகப்படும்.

உலகத்தின் பெரிய ரேடியோ தொலைநோக்கிகளும் வேலை செய்யும் முறை இதுதான். கிண்ணம் அலையைச் சேர்த்து ஒரு புள்ளியில் குவிக்கிறது. அங்கே இருக்கும் ஆன்டெனா அதை மின்சாரமாக்குகிறது. பக்கத்திலேயே ஒரு பெருக்கி அதைப் பலமாக்குகிறது. அந்தப் பெருக்கி ஏன் கீழே அறையில் இல்லாமல் டிஷ்ஷின் மூக்கிலேயே தொங்குகிறது என்று வாடிக்கையாளர்கள் கேட்பதுண்டு. கேபிளில் இறங்கி வருவதற்குள் பாதி செத்துப்போகும், பிறகு எவ்வளவு பெருக்கினாலும் இரைச்சல்தான் பெருகும். பெரிய நிலையங்களில் அந்தப் பெருக்கியையே கடுங்குளிரில் வைத்திருப்பார்கள், அதன் சொந்தச் சூட்டு இரைச்சலைக் குறைக்க. வருகிற சமிக்ஞை அவ்வளவு சன்னம். அதை அளக்க வைத்திருக்கும் அலகுக்கு ஜான்ஸ்கி என்று பெயர். ஒரு சதுர மீட்டரில், ஒரு ஹெர்ட்ஸ் அகலத்தில் விழும் வாட்டைச் சொன்னால், தசமப் புள்ளிக்குப் பிறகு 25 பூஜ்ஜியம் போட்டு ஒன்று எழுத வேண்டும். நம் கையிலிருக்கும் சாதாரண செல்போனைக் கொண்டுபோய் நிலாவில் வைத்துப் பேசினால், இங்கிருந்து பார்க்கும் ரேடியோ வானத்தின் பிரகாசமான மூலங்கள் வரிசையில் அதுவும் வந்துவிடும். தொலைநோக்கிப் பக்கத்தில் செல்போனை அணையுங்கள் என்று நிலையத்தார் கெஞ்சுவது சும்மா இல்லை. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருந்த ஒரு விசித்திரத் துடிப்பு, 2015-இல் அவர்களுடைய சொந்த மைக்ரோவேவ் அடுப்பில் போய் முடிந்தது. சமையல் முடியுமுன்னே கதவைத் திறந்தால் அலை வெளியே தப்பியிருக்கிறது.

இன்னொன்று, கூர்மை. ரேடியோ அலை நீளமானது என்பதால் ஒரே டிஷ்ஷால் நுணுக்கமாகப் பார்க்க முடியாது. 45 மீட்டர் விட்டமுள்ள டிஷ்கூட, 21 செ.மீ. அலையில், நிலாவின் அகலத்தில் பாதிக்கும் மேலான பகுதியை ஒரே புள்ளியாகத்தான் பார்க்கும். அதற்குக் கண்டுபிடித்த வழி அழகானது. கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் நாதசுரம் கோயிலின் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று நமக்குத் தெரிகிறதல்லவா? ஒலி ஒரு காதுக்கு முந்தியும் மறு காதுக்குப் பிந்தியும் வருவதைக் கணக்கிட்டே மூளை திசையைச் சொல்கிறது. அதேபோல தூரம் தூரமாக நிற்கும் டிஷ்களுக்கு அலை வந்து சேரும் நேர வித்தியாசத்தைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டால், டிஷ்களுக்கு இடையே உள்ள தூரம் அளவுக்கு ஒரே பெரிய டிஷ் இருப்பது போன்ற கூர்மை கிடைக்கும். புனே அருகே நாராயண்காவ் பக்கத்தில் 25 கிலோமீட்டர் பரப்பில் 45 மீட்டர் டிஷ்கள் 30 இப்படி இயங்குகின்றன. அவற்றின் முகம் தகடு இல்லை, எஃகு வலை. 10 முதல் 20 மி.மீ. கண்ணுள்ள வலை மீட்டர் நீள அலைக்குக் கெட்டிச் சுவர் மாதிரி, காற்றுக்கோ வழி. செலவு எவ்வளவு குறைந்திருக்கும் என்பது என் தொழிலில் இருப்பவனுக்குப் பார்த்தவுடன் புரியும். கூர்மையைப் பூமி அளவுக்கே கொண்டுபோனவர்களும் உண்டு. வெவ்வேறு கண்டங்களில் உள்ள தொலைநோக்கிகளைச் சேர்த்து, அவை பதிந்ததை ஹார்ட் டிஸ்க்குகளில் விமானமேற்றிக் கொண்டுவந்து, எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் கருந்துளைப் படத்தை 2019-இல் வெளியிட்டார்கள்.

புனே அருகே அந்த 30 டிஷ்களைக் கட்டிய ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப், அதற்கு முன்பே நம் தமிழ்நாட்டில் ஒன்றைக் கட்டினார் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஊட்டிக்கு ஆண்டுதோறும் டூர் போகிறார்கள், தாவரவியல் பூங்காவையும் படகையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். பக்கத்தில் முத்தோரையில் 1970 முதல் ஒரு ரேடியோ தொலைநோக்கி நிற்கிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், நீளவாக்கில் 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள், தாங்க 24 வளைந்த சட்டங்கள். அது ஏன் மலைச் சரிவில் நிற்கிறது என்பதில்தான் அந்த மனிதரின் மூளை இருக்கிறது. ஊட்டியின் அட்சரேகை 11 பாகைக்குச் சற்று அதிகம். அதே அளவு வடக்கு தெற்காகச் சாய்ந்த மலைச் சரிவு ஒன்றைத் தேடிப் பிடித்தார். சரிவின் மேல் கிடத்தியதும் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக வந்துவிட்டது. இனி ஒரே ஒரு திசையில் சுழற்றினால் போதும், ஒரு விண்மீன் மண்டலத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து 1963-இல் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தவர், ஏழே ஆண்டில், இறக்குமதிக்குக் காசில்லாத காலத்தில், உள்ளூர்ப் பொருளில் இதை நிறுத்தினார். சூரியனிலிருந்து வீசும் துகள் ஓட்டமான சூரியக் காற்றை ஆராய இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அடுத்த டூருக்குத் திட்டம் போடும்போது முத்தோரைக்கு முன்கூட்டி எழுதி அனுமதி கேளுங்கள் என்பதை இந்த மடலின் முதல் வேண்டுகோளாகவே வைத்துக்கொள்ளலாம்.

இந்தத் துறையின் ஆரம்பமும் என் போன்ற ரேடியோ ஆட்களிடம்தான். கார்ல் ஜான்ஸ்கி டெலிபோன் கம்பெனி எஞ்சினியர். கடல் தாண்டிய ரேடியோ டெலிபோனில் வரும் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பழைய ஃபோர்டு கார்ச் சக்கரங்களின் மேல் சட்டம் கட்டிச் சுற்றவிட்டுக் கேட்டார். இடியைக் கழித்தும் ஓர் இரைச்சல் மிஞ்சியது. அது 24 மணிக்கு ஒருமுறை வரவில்லை, 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை வந்தது. நான்கு நிமிட வித்தியாசம் என்றால் அது சூரியனைச் சேர்ந்ததல்ல, விண்மீன்களைச் சேர்ந்தது. 1933-இல் பால்வீதியின் மையத்திலிருந்து ரேடியோ அலை வருவதாக அறிவித்தார். கம்பெனி அவரை வேறு வேலைக்கு மாற்றிவிட்டது, கம்பெனிகள் அப்படித்தான். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர் குரோட் ரீபர். 1937-இல் சொந்தக் காசில் வீட்டுக் கொல்லையில் 9 மீட்டருக்கு மேல் விட்டமுள்ள டிஷ் ஒன்றைத் தகரத்திலும் மரச்சட்டத்திலும் கட்டினார். ஏறத்தாழ பத்து ஆண்டு உலகத்திலேயே அவர் ஒருவர்தான் இந்த வேலையில் இருந்தார்.

நான் உங்களிடம் கேட்கும் கருவிக்கு முன்மாதிரி இவர்கள் இருவரும் அல்ல. 1951 மார்ச்சில் ஹார்வர்டில் ஹரோல்ட் யூவன், பர்செல் இருவரும் ஒரு கொம்பு ஆன்டெனாவை ஜன்னலுக்கு வெளியே நீட்டி வைத்து வானத்து ஹைட்ரஜனைப் பிடித்தார்கள். பிளைவுட் பெட்டி, உள்ளே செப்புத் தகடு. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும், மாணவர்கள் அதற்குள் பனி உருண்டை எறிந்து விளையாடுவார்களாம். அதில்தான் 1420.4 மெகாஹெர்ட்ஸில், 21 செ.மீ. அலையில், பால்வீதி முதன்முதலாகப் பேசியது.

ஹைட்ரஜன் அணுவில் ஒரு புரோட்டான், ஒரு எலெக்ட்ரான். இரண்டின் சுழற்சியும் ஒரே பக்கம் இருக்கும் நிலையிலிருந்து எதிரெதிர்ப் பக்கம் திரும்பும்போது இந்த அலை வெளியாகிறது. ஒரு தனி அணு தானாகத் திரும்புவதற்கு சராசரியாக ஒரு கோடி வருடத்துக்கும் மேல் ஆகும். ஆனால் பால்வீதியில் ஹைட்ரஜன் கொட்டிக்கிடப்பதால் எந்த நொடியிலும் போதுமான அணுக்கள் திரும்பிக்கொண்டே இருக்கின்றன. இதைவிட நமக்கு வசதியான விஷயம், 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை உலகம் முழுக்க யாரும் ஒலிபரப்பக் கூடாது என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். வானத்தைக் கேட்பதற்காகவே விட்ட இடம். செல் டவர்களுக்கு நடுவிலுள்ள காரைக்குடியிலும், நல்ல ஃபில்டர் ஒன்று போட்டால், அந்த இடம் காலியாகத்தான் இருக்கும்.

செய்முறை இது. ஜி.ஐ. தகட்டில் ஒரு பெட்டி: உள்ளளவு அகலம் 16.5 செ.மீ., உயரம் 8.25 செ.மீ. நீளம் 20 செ.மீ.க்குக் குறையாமல். ஒரு பக்கம் மூடி, மறுபக்கம் திறப்பு. மூடிய பக்கத்திலிருந்து 7 செ.மீ. தள்ளி, அகலப் பக்கத்தின் நடுவே துளையிட்டு ஒரு கனெக்டர். அதன் உள்முனையில் 5 செ.மீ.க்குச் சற்று அதிகமான செப்புக் கம்பி. அலையின் கால் நீளம் அது. திறந்த பக்கத்தில், முக்கால் மீட்டருக்கு 60 செ.மீ. அளவில் வாய் விரிந்த ஒரு தகரக் கூம்பு. பலகாரக் கடையில் கிடக்கும் 15 கிலோ எண்ணெய் டின்னைப் பெட்டியாக்கிவிடலாமே என்று பட்டறைக்காரர் சொல்வார். சம்மதிக்காதீர்கள். அது அகலம் அதிகம். உள்ளே அலை ஒரே ஒழுங்கில் போகாமல் பல விதமாகப் பிரிந்துவிடும். நம் பக்கத்துத் தகரப் பட்டறைகளில் இருப்பவர்கள் மாட்டு வண்டிக் காலத்திலிருந்தே மில்லிமீட்டர் பிசகாமல் மடிக்கிறவர்கள். படம் வரைந்து கொடுத்தால் அரை நாள் வேலை. கனெக்டரை ஒட்டியே ஹைட்ரஜன் அலைவரிசைக்கென்று ஃபில்டரோடு விற்கும் பெருக்கி ஒன்று, பிறகு கட்டைவிரல் நீள யு.எஸ்.பி. ரிசீவர், பிறகு பள்ளியிலேயே இருக்கும் பழைய லேப்டாப். மென்பொருள் இலவசம். கம்ப்யூட்டர் நீங்கலாக எல்லாம் சேர்ந்து நடுத்தரமான ஒரு செல்போன் விலையில் முடியும்.

கூம்பை நேர் மேலே பார்க்க வைத்துவிட்டு ஒதுங்கிவிடலாம். திருப்புகிற மோட்டார் வேண்டாம்; பூமியே திருப்பிக் கொடுக்கும். செட்டிநாட்டின் உச்சி வானத்தைப் பால்வீதி ஒரு சுற்றில் இரண்டு தடவை கடக்கிறது. கழுகு என்ற விண்மீன் கூட்டத்தின் பக்கம் ஒரு தடவை, ஓரியனுக்கும் மிதுனத்துக்கும் பக்கத்தில் ஒரு தடவை. தைப் பொங்கல் சமயத்தில் முதலாவது உச்சிவேளையை ஒட்டி வரும். ஜூலைத் தொடக்கத்தில் இரண்டாவது அதே நேரத்துக்கு வரும். மாதத்துக்கு இரண்டு மணி நேரம் முந்தும் என்பதால், நவம்பர் முதல் பிப்ரவரி வரையும் ஜூனிலிருந்து ஆகஸ்டு வரையும் பள்ளி நேரத்திலேயே பால்வீதி தலைக்கு மேல் இருக்கும். சில நிமிடம் சராசரி எடுத்தால் திரையில் தட்டையான கோட்டின் நடுவே ஒரு மேடு எழும். அந்த மேடுதான் பால்வீதி. கழுகுக் கூட்டத்தின் பக்கம் ஒற்றை மேடாக நில்லாமல் ஒரு பக்கமாக இழுபட்டு, இரண்டு மூன்று முகடாகப் பிரியும். அங்கே வாயு வேறு வேறு வேகத்தில் ஓடுகிறது. வாயுவின் வேகம் நொடிக்கு ஒரு கிலோமீட்டர் மாறினால் அதன் அலைவரிசை 4.7 கிலோஹெர்ட்ஸ் நகரும் என்பது கணக்கு. பிளஸ் ஒன் புத்தகத்தில் ரயில் ஊதும் உதாரணத்தோடு நிற்கும் டாப்ளர் விளைவை வைத்து, பால்வீதிக் கரங்களின் வேகத்தைப் பிள்ளைகள் தாங்களே ஸ்கேலால் அளக்கலாம். இதே முறையில் நம் பால்வீதி போன்ற மற்ற விண்மீன் மண்டலங்களை அளந்தபோதுதான், விளிம்பிலுள்ள வாயு இருக்க வேண்டியதைவிட வேகமாகச் சுற்றுவது தெரிந்து, கண்ணுக்குத் தெரியாத பொருள் ஏதோ நிறைய இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

கம்ப்யூட்டரை இரவிலும் ஓடவிட்டால் பிள்ளைகள் காலையில் வந்து பார்க்கலாம். ஒவ்வொரு நாளும் மேடு நான்கு நிமிடம் முன்னால் வருவதைக் குறித்து வைத்தால் ஜான்ஸ்கி கண்டதை அவர்களும் கண்டவர்கள் ஆகிறார்கள். ஓராண்டு முழுக்க விடாமல் பதிந்தால் இன்னொன்று தெரியும்: அதே இடத்து மேடு மாதத்துக்கு மாதம் சற்று இடம் வலம் நகரும். பூமி நொடிக்கு 30 கிலோமீட்டரில் சூரியனைச் சுற்றுவதால் வரும் நகர்வு அது. பூமி சுற்றுகிறது என்பதை மொட்டை மாடித் தகரப் பெட்டி ஒன்றில் காட்டலாம் என்பதே எனக்கு இன்னமும் நம்ப முடியாத சந்தோஷம்.

கமிட்டியில் என்ன கேட்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். முதல் கேள்வி, "படம் தெரியாதாமே?" தெரியாது. சனிக்கோளின் வளையம் தெரியாது, நிலாவின் பள்ளம் தெரியாது. கோடும் மேடும்தான். வளையத்தைப் பார்த்துப் பிள்ளை வாய் பிளப்பது நிஜம், அதை நான் மட்டம்தட்டவில்லை. ஆனால் வாய் பிளந்த பிறகு அடுத்த வாரம் என்ன செய்வது? வரைபடத்தில் அடுத்த வாரத்துக்கும் வேலை இருக்கிறது. கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்ற மாணவி, வயலில் கம்பம் நட்டு ஒயர் கட்டிய ஆன்டெனாவிலிருந்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ 30 மீட்டர் காகிதத்தைக் கண்ணால் படித்துக்கொண்டிருந்தார். கம்பம் நட்டவர்களில் அவரும் ஒருவர், சம்மட்டியைக் கையிலெடுத்து. 1967-இல் அந்தக் காகிதத்தில் அரை சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு கிறுக்கல். தள்ளிவிடாமல் வேகத்தைக் கூட்டிப் பதிந்தார். 1.3 நொடிக்கு ஒருமுறை கடிகாரம் மாதிரி துடித்தது. அதுதான் முதல் பல்சர், அதாவது ரேடியோ அலையைத் துடிப்பு துடிப்பாக அனுப்பும் விண்மீன். 1974-இல் நோபல் பரிசு அவருடைய பேராசிரியருக்கும் இன்னொருவருக்கும் போனது. அந்த அநியாயம் தனிக் கதை. 2018-இல் வேறொரு பரிசாக 30 லட்சம் டாலர் வந்தபோது, முழுவதையும் இயற்பியல் படிக்கும் மாணவர்களின் உதவித்தொகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்த அழகப்பரின் ஊர்க்காரர்களுக்கு அந்த மனசைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, "டவர் மாதிரி கதிர்வீச்சு வருமா?" வராது. இது ஒன்றையும் அனுப்பாது, வருவதைக் கேட்கும், அவ்வளவே. அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சொல்லிவிடுங்கள். மூன்றாவது, இடி. ஐப்பசியில் கேபிளைக் கழற்றி வைப்பதும், கூம்புக்கு எர்த் போடுவதும் கட்டாயம். அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. நான்காவது, குரங்கு. பென்சியாஸ், வில்சன் என்ற இரண்டு ரேடியோ ஆராய்ச்சியாளர்கள், பிரபஞ்சம் பிறந்த காலத்திலிருந்து மிஞ்சியிருக்கும் பின்னணி இரைச்சலைக் கண்டுபிடிக்குமுன் தங்கள் கொம்பு ஆன்டெனாவுக்குள் கூடு கட்டிய புறாக்களோடு மல்லுக்கட்டினார்கள். நமக்குப் புறாவோடு குரங்கும் சேரும். வாயில் பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்துக் கட்டினால் மழைக்கும் ஆகும், அலை தாராளமாக உள்ளே போகும். குரங்குக்கு மட்டும் வெளியே ஒரு கூண்டு. நீங்கள் ஆசைப்பட்ட கூண்டு அந்த வகையில் வந்துவிடும். கம்பிக் கூண்டு அலையை மறைக்கும், வேண்டாம்; மூங்கிலில் செய்யுங்கள்.

ஐந்தாவதை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், நானே சொல்கிறேன். கல்வெட்டு எங்கே வைப்பது? இதற்குக் கட்டடம் இல்லை, அதனால் கல்வெட்டுக்குச் சுவரும் இல்லை. கூம்பின் வெளிப்பக்கம் நான்கு முகம் இருக்கிறது. உபயதாரர் பெயரை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் பெயின்ட்டில் எழுதிக்கொள்ளலாம். வானத்து அலைக்கு அது தெரியாது.

கமிட்டி தர வேண்டியவை மூன்றே. மொட்டை மாடிச் சாவி ஒன்று, தலைமையாசிரியர் அறையில் பூட்டி வைக்காமல், அறிவியல் ஆசிரியர் கையில். வாரத்துக்கு ஒரு பீரியட், தேர்வு வந்தாலும் பிடுங்கிக்கொள்ளாமல். கோடை விடுமுறையிலும் கம்ப்யூட்டர் ஓடுவதற்கு ஒரு பிளக் பாயின்ட், வாட்ச்மேன் மெயினை அணைக்காத இடத்தில். ஓராண்டு தொடர்ச்சி அறுந்தால் பூமி சுற்றுவதைக் காட்ட முடியாது என்பதால் மூன்றாவதை அழுத்திச் சொல்கிறேன்.

சூரியனைப் பிடிக்கும் சோதனைக்குச் செலவே இல்லை. கழற்றிய டிஷ்களும், வேலை செய்யும் எல்.என்.பி.களும் என் கடைப் பரணில் கிடக்கின்றன. கேட்கும் பள்ளிக்குச் சும்மா தருகிறேன். கூம்புக்கான அளவுப் படத்தைப் பட்டறைக்குப் புரிகிற மாதிரி வரைந்து வைத்திருக்கிறேன், அதையும் படி எடுத்துக்கொள்ளலாம். முதல் கூம்பை ஏற்றிக் கட்ட நானே வருகிறேன், சனிக்கிழமையாக இருந்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீடுகளில் ஸ்கிரீன் கட்டும் வேலை இருக்கும். ஏப்ரல் கூட்டத்தில் முடிவெடுத்துச் சொன்னீர்களானால், பள்ளி திறக்குமுன் தகடு வெட்டிவிடலாம். ஜூன், ஜூலையில் பால்வீதி பள்ளி நேரத்துக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
டிஷ் பொருத்துபவன்,
காரைக்குடி